கட்டார்க் காய்ச்சல்

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. இன்றைக்கும் ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்தால் நாலு பேர் மறிக்கிறார்கள். "டெங்கு எல்லாம் சுகமா றபீக்?" டெங்கு இல்லை, மலேரியா என்று சொன்னால், "எங்கட நாட்டுலதான் மலேரியா இல்லையே, நீ என்ன கதைக்காய்?" என்று என்னையே திருத்துகிறார்கள். ஊசி ஏறியது என் கையில், நடுங்கிச் செத்தது நான், ஆனால் என்ன நோய் என்பது அவர்களுக்குத்தான் தெரியுமாம். ஒவ்வொருவருக்கும் நின்று விளக்க இனி என்னால் ஏலாது. எழுதிவிடுகிறேன், வாசித்துக்கொள்ளுங்கள். வாசித்த பிறகு என்னைத் திட்டுவதென்றால் டெங்குக்காகத் திட்டாதீர்கள், யோகனுக்காகத் திட்டுங்கள். அவன் உயிரோடு விளையாடியது நான்தான்.

நான் ஏசி மெக்கானிக். பிறந்தது சாய்ந்தமருது, இருப்பது மருதமுனை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்சாதி வீட்டுக்குப் போகவேண்டும். வீடு பெண்ணுடைய சீதனம். என் உம்மாவின் வீடு தங்கச்சி சுமையாவுக்குப் போயிற்று, நான் மாமியின் வளவில் கட்டிய வீட்டில் பெண்சாதி நஸ்ரினோடு இருக்கிறேன். பாஸ்போர்ட்டில் மட்டும் இன்னும் சாய்ந்தமருது விலாசம். மாற்றவேண்டும், மாற்றவேண்டும் என்று பன்னிரண்டு வருடம் போய்விட்டது. யார் மாற்றுகிறார்கள், சொல்லுங்கள்.

யோகன் வெல்டர். திருக்கோவில் பிள்ளை. கட்டாரில் ஒரே கம்பனி, ஒரே காம்ப், ஒரே அறை. அவனும் கலியாணம் முடித்து நாவிதன்வெளிப் பக்கம் ஒரு வயல் கிராமத்தில் பெண்சாதி வசந்தியின் வீட்டில் இருப்பவன். வழக்கம் அவர்களுக்கும் அதேதான், பாஸ்போர்ட் விலாசத்தை மாற்றாத சோம்பலும் அதேதான். இந்த விலாசக் கதையைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் கம்பனி எங்கள் இருவரையும் இன்னும் சிலரையும் மொசாம்பிக்குக்கு அனுப்பியது. ஆப்பிரிக்காவில் கடற்கரையோரம் ஒரு காஸ் வேலை. எட்டு மாதம், சம்பளமும் கூட. அந்த நேரம் நஸ்ரினுக்கு மூன்றாவது பிள்ளை தங்கி ஒரு மாதம். பிரஷர் குளிசை போடுகிறவள். ஆப்பிரிக்கா என்றால் அவளுக்குச் சிங்கமும் துவக்குச் சண்டையும்தான். சொன்னால் அன்றைக்கே பிரஷர் கூடிப் படுத்துவிடுவாள் என்று பயந்து நான் சொல்லவில்லை. வட்ஸ்அப் நம்பர் கட்டார் நம்பர்தானே. வெள்ளைச் சுவர் ஒன்றுக்கு முன்னால் இருந்து கதைத்தால் அது எந்த நாட்டுச் சுவர் என்று யார் கண்டார்?

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. நஸ்ரினும் வசந்தியும் போனில் சிநேகிதிகள். நாங்கள் இருவரும் ஒரே அறையில் என்பதால் தொடங்கிய கதை, பிறகு எங்களைவிட அவர்கள்தான் கூடக் கதைத்தார்கள். யோகன் வசந்தியிடம் சொன்னால் மறுநாள் காலையில் மருதமுனைக்கு வந்துவிடும். ஆகவே அவனைப் பிடித்து வைத்துச் சத்தியம் வாங்கினேன். சும்மா இல்லை. அவன் கையை நெஞ்சில் வைக்கச் சொல்லி, திருக்கோவில் முருகன் மேல் சத்தியம் வாங்கினேன். ஐந்து வேளை தொழுகிற நான், முருகன் மேல் சத்தியம் வாங்குகிறேன்! யோகன் சிரித்தான்.

"சரி மச்சான். என்ட வாயால வராது. நாம கட்டார்லதான் இரிக்கம்."

நஸ்ரினுக்குப் பிள்ளை பெற மாதமாகியதால் லீவு எடுத்து நான் புறப்பட்டேன், அவனும் கூட வந்தான். காம்பில் எங்களுக்கு மலேரியாவுக்குக் குளிசை தந்திருந்தார்கள். கிழமைக்கு ஒன்று, ஏழு நாளுக்கு ஒரு தரம். ஊருக்குப் போன பிறகும் நாலு கிழமை விடாமல் விழுங்கவேண்டும், கிருமி ஈரலில் ஒளிந்திருந்து பிறகு வெளியே வரும் என்று கம்பனியின் மருந்துக்காரன் இரண்டு தரம் படித்துப் படித்துச் சொன்னான். தோஹாவில் விமானம் மாறும்போது நான் என் குளிசை அட்டையைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பெட்டியைத் திறந்து உடுப்பு எடுப்பது நஸ்ரின். கண்டால் என்ன குளிசை என்று கேட்பாள்.

"உன்டதையும் போடு" என்றேன் யோகனிடம்.

"விழுங்கச் சொன்னானே மச்சான்."

"நுளம்பு மொசாம்பிக்ல. நாம இஞ்ச. போடு."

போட்டான்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி நடந்து வரும்போது ஒரு பலகை. மலேரியா உள்ள நாடுகளிலிருந்து வருபவர்கள் இந்த மேசையில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று மூன்று மொழியிலும் போட்டிருந்தது. மேசையில் ஒரு பிள்ளை சும்மாதான் இருந்தாள். யோகன் நடையைக் குறைத்தான். நான் அவன் கையைப் பிடித்து இழுத்தேன். எங்கள் டிக்கட் தோஹாவிலிருந்து. தோஹாவில் இறங்கி ஏறியவனை எந்த நாட்டிலிருந்து வருகிறாய் என்று கேட்க அரசாங்கத்துக்கு எப்படித் தெரியும்? நாட்டில் பாதிப் பேர் வெளிநாட்டில். போகிறவன் ஒரு நாட்டுக்கென்று போகிறான், கம்பனி அவனை வேறு நாட்டுக்கு இழுத்துப் போகிறது, வருகிறபோது மூன்றாவது நாட்டால் வருகிறான். நானே வாயைத் திறக்காவிட்டால் ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. அன்றைக்கு இதைக் கெட்டித்தனம் என்று நினைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் வந்தது. முதலில் மேல் நோவு. பிறகு ஒரு குளிர். மருதமுனையில், பட்டப்பகலில், மூன்று போர்வைக்குள் பல் கிட்டிக்கொண்டு கிடந்தேன். ஒரு மணித்தியாலம் கழித்து நெருப்பாய்ச் சுட்டது. பிறகு வேர்த்து ஊற்றியது. அதற்குப் பிறகு எழும்பி இருந்து தேத்தண்ணி கேட்டேன். ஒன்றும் நடக்காத மாதிரி. மறுநாள் மறுபடியும்.

"டெங்குதான்" என்றாள் மாமி. அவள் இரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. தெருவில் இரண்டு பேருக்கு டெங்கு, ஆகவே எனக்கும் டெங்கு. டிஸ்பென்சரியில் பனடோல் தந்தார்கள். மூன்றாம் நாள் தனியார் லேப் ஒன்றில் இரத்தம் பார்த்தோம். பிளேட்லட் குறைந்திருந்தது. பிளேட்லட் என்றால் இரத்தத்தை உறையவைக்கும் சின்னத் துணிக்கைகள். டெங்கில் அது விழும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மலேரியாவிலும் விழும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. உடனே பப்பாசி இலைச் சாறு வந்தது. அதை இடித்துப் பிழிந்து ஒரு கிளாஸ் தருவார்கள், குடித்துப் பாருங்கள். கசப்பு என்று சொன்னால் அது கசப்புக்கு அவமானம்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதமாட்டேன், பிழை அவர்களுடையது இல்லை. இளம் பெண் டொக்டர் ஒருவர் கேட்கவேண்டிய கேள்வியை முதல் நிமிடத்திலேயே கேட்டார்.

"வெளிநாடு எங்கயும் போயிருந்தீங்களா?"

நான் வாயெடுக்கமுதல் நஸ்ரின் சொன்னாள். "கட்டார்ல இரிந்து வந்து ரெண்டு கிழம டொக்டர்."

"வேற எங்கயும்?"

"வேற எங்க டொக்டர் போற? வேல, காம்ப். வேல, காம்ப். ஒரு கடைக்குப் போகக்கூட நேரமில்ல இவருக்கு."

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வயிற்றில் ஒன்பது மாதப் பிள்ளையோடு என் பெண்சாதி பக்கத்தில் நிற்கிறாள். அட்டையில் கட்டார் என்று எழுதினார்கள். கட்டாரில் மலேரியா இல்லை. அதோடு அந்தக் கதவு மூடிற்று.

டெங்குக்கான முதல் பரிசோதனை இல்லை என்று வந்தது. சில நாள் கழிந்தால் அப்படி வருவதும் உண்டு, தொடர்ந்து பார்ப்போம் என்றார்கள். என்னை நுளம்பு வலைக்குள் போட்டார்கள். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் இரத்தம், குடித்த தண்ணீருக்குக் கணக்கு, போன சிறுநீருக்குக் கணக்கு. அந்தத் தாதி மிஸ்ஸிமார் ஓடி ஓடி வேலை செய்தார்கள், இல்லாத நோய் ஒன்றுக்காக. எனக்கு இப்போது நினைத்தாலும் வெட்கமாயிருக்கிறது.

நீங்கள் கேட்பீர்கள், பெண்சாதி போன பிறகு டொக்டரிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே என்று. தனியாகவா? எங்கள் ஊர் ஆள் ஒருவன் ஆஸ்பத்திரியில் தனியாக இருந்ததைக் கண்டிருக்கிறீர்களா? நோயாளியைப் பார்க்கப் போவது சுன்னத்து, நபி காட்டிய வழி. அந்தச் சுன்னத்தை எங்கள் ஊர் விடுவதேயில்லை. பகல் பார்வை நேரத்துக்குக் கேட் திறந்தால் வான் வானாய் வண்டி பிடித்து வருவார்கள். மாமியின் மதினி, மதினியின் மகன், மகன் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்து அதிபர். ஆளுக்கொரு பை தோடம்பழம், ஆளுக்கொரு போத்தல் பப்பாசிச் சாறு. கட்டிலைச் சுற்றி நின்று என்னைப் பார்த்துவிட்டு, எனக்கு மேலால் தங்களுக்குள் வயல் கதைப்பார்கள். போகும்போது ஒவ்வொருவராய் நெற்றியைத் தொட்டு, "சுடுதுதான்" என்று தீர்ப்புச் சொல்வார்கள்.

நேரம் முடிந்து அவர்கள் போனாலும் மச்சினன் காவலுக்கு இருப்பான். அவன் தேத்தண்ணி குடிக்கப் போனால் அடுத்த கட்டிலில் எங்கள் தெரு மீன் வியாபாரி. ஆள் உறங்குவதே இல்லை. டொக்டர் சுற்று வரும்போது அவர் தன் நோயைச் சொல்வதில்லை, என் நோயைத்தான் கேட்பார். அவர் காதில் மொசாம்பிக் என்று விழுந்தால், பகல் சோறு வரமுதல் நஸ்ரினின் காதில் விழுந்துவிடும்.

உண்மையைச் சொல்கிறேன். அவர்களை மட்டும் குறை சொல்லி என்ன? டெங்கு என்று சொன்னது எனக்கு வசதியாயிருந்தது. படித்தவர்கள் சொல்கிறார்கள், நான் யார் மறுப்பதற்கு என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு கிடந்தேன். ஆறாம் நாள் குளிர் வந்தபோது சிறுநீர் கறுத்திருந்தது. கண் மஞ்சள். மொசாம்பிக்கில் இதே மாதிரி ஒரு ஆளைக் கட்டிலோடு தூக்கிப்போனதை நான் கண்டிருக்கிறேன். அப்போது பயம் வந்தது. பயம் என்றால் அப்படிப் பயம். மௌத்தாகிவிடுவேன் என்று தெரிந்தும் நாக்கு எழும்பவில்லை.

என்னைக் காப்பாற்றியது ஆய்வுகூடத்து மிஸ் ஒருவர். வயதான சிங்களப் பெண், இன்னும் கொஞ்ச நாளில் பென்ஷன் போகிறவர். இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி மைக்ரஸ்கோப்பில் பார்த்திருக்கிறார். சிவப்பணுக்குள் மோதிரம் மாதிரி வளையங்கள். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நாள் முழுக்கப் பார்த்த வளையங்கள், பிறகு வருடக்கணக்காய்க் காணாதவை. இளம் ஆட்கள் புத்தகத்தில் மட்டும்தான் கண்டிருப்பார்கள். அவர் தாளை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தானே வார்டுக்கு நடந்து வந்தார். பார்வை நேரம். கட்டிலைச் சுற்றிப் பதினைந்து பேர்.

"இந்த ஆள் எங்க இருந்து வந்தது?"

பதினைந்து பேரும் ஒரே குரலில், "கட்டார்!"

"கட்டார்ல மலேரியா இல்லத்தானே. இந்த ஆளுக்கு ரத்தம் முழுக்க மலேரியா." அவர் என் முகத்துக்கு நேரே குனிந்தார். "மகன், நான் உங்கட அம்மா மாதிரி. பொய் சொன்னா நீங்க செத்துப்போறது. எங்க போனது?"

"மொசாம்பிக்" என்றேன்.

பதினைந்து பேரும் என்னை விட்டுவிட்டு நஸ்ரினைப் பார்த்தார்கள். நஸ்ரின் கையில் இருந்த கஞ்சிக் கோப்பையைக் கட்டிலோர அலுமாரியில் வைத்தாள். "எவ்வளவு நாள்?" என்றாள்.

"எட்டு மாசம்."

"எட்டு மாசமா அந்த வெள்ளச் செவரு..." அவ்வளவுதான் சொன்னாள். திரும்பி நடந்து போய்விட்டாள். பிரஷர் ஒன்றும் கூடவில்லை. அதை அன்றைக்கே மிஸ்ஸி அளந்து பார்த்துச் சொன்னார். எட்டு மாதம் நான் காவல் காத்த பிரஷர், உண்மையைக் கேட்டபோது அசையவேயில்லை.

எனக்கு வந்தது மலேரியாவில் பொல்லாத வகை. மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகக்கூடியது. ஆட்டிசுனேட் என்று ஒரு ஊசி, நரம்பால் ஏற்றுவது. அதை உடனே வரவழைத்து ஏற்றினார்கள். முதல் ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போதே மலேரியாத் தடுப்பு உத்தியோகத்தர் ஒருவர் ஃபைலோடு வந்துவிட்டார். மெலிந்த மனிதர், நல்ல மனிதர், ஆனால் கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவார். எங்கே படுத்தீர்கள், எந்தத் திகதி, என்ன குளிசை, எத்தனை தரம் நடுக்கம். அவர்தான் எனக்கு விளங்கப்படுத்தினார்.

"நாங்க நோயத்தான் நாட்டால துரத்தினது தம்பி. அதக் காவுற நுளம்பு இன்னும் வாய்க்கால்லயும் வயல்லயும் இரிக்கி. உங்களக் குத்தின நுளம்பு வேற ஒரு ஆளக் குத்தினா, மறுகா முதல்ல இருந்து தொடங்கணும். வெளிநாட்டால வாற ஒவ்வொரு ஆளும் சொன்னாத்தான் எங்களுக்குத் தெரியும். சொல்லல்லெண்டா நாங்க கண்ணக் கட்டிக்கிட்டு நிக்கிறம்."

பிறகு கேட்டார். "உங்களோட ஆர் வந்த?"

ஆறு நாளாய் என் நோயையே நினைத்துக் கிடந்தவனுக்கு யோகன் ஞாபகம் அப்போதுதான் வந்தது. அவனும் அதே நுளம்பு, அதே அறை, அதே குப்பைத் தொட்டி. கட்டார் நம்பர் ஒன்றுதான் என்னிடம் இருந்தது. எடுத்தேன், போகவில்லை. ஊருக்கு வந்து உள்ளூர் சிம் போட்டிருப்பான். அவன் பெண்சாதியின் ஊர்ப் பெயர் வாயில் வரவில்லை. நாவிதன்வெளிப் பக்கம், வீட்டுக்கு முன்னால் வாய்க்கால் என்று சொல்வான். அந்தப் பக்கத்தில் எந்த வீட்டுக்கு முன்னால் வாய்க்கால் இல்லை? வசந்தியின் நம்பர் நஸ்ரினிடம் இருக்கும், ஆனால் நஸ்ரின் என் போனை எடுக்கவில்லை.

உத்தியோகத்தர் குடிவரவுத் திணைக்களத்தில் விசாரித்துப் பாஸ்போர்ட் விலாசத்தை எடுத்தார். திருக்கோவில். நான் சொன்னேன், அங்கே இருக்கமாட்டான் சேர், பெண்சாதி வீட்டில்தான் இருப்பான் என்று. அவருக்கும் தெரியாததா, அவரும் பெண்சாதி வீட்டில் இருக்கிற மனிதர்தானே. ஆனால் கையில் இருக்கிற விலாசம் அது ஒன்றுதான். வானை எடுத்துக்கொண்டு தெற்கே போனார்கள். யோகன் கிடந்த இடமோ கல்முனைக்கு மேற்கே, எட்டிப் பிடிக்கிற தூரம்.

அதே நேரம் இன்னொரு கூத்து. என்னுடைய பாஸ்போர்ட் விலாசத்துக்கும் ஒரு கூட்டம் போயிருந்தது. சாய்ந்தமருதில் சுமையாவின் வீட்டுக்குப் புகையடித்து, அவள் பிள்ளைகள் நாலு பேருக்கும் விரலில் குத்தி இரத்தம் எடுத்து, அயல் வீட்டாருக்கும் எடுத்திருக்கிறார்கள். நான் ஊருக்கு வந்து அந்த வீட்டில் ஒரு தேத்தண்ணிதான் குடித்தேன். சுமையா போன் எடுத்துக் கத்தினாள்.

"நானா! நீ படுத்து எழும்பிற எடம் மருதமுன! நுளம்பு குத்தியிரிந்தா அங்கதான் குத்தியிரிக்கும்! என்ட புள்ளயள்ட வெரல என்னத்துக்குக் குத்துற?"

"அவங்கிட்டச் சொல்லன் புள்ள."

"சொன்னன். இதுதான் வெலாசம் எண்டு தாளக் காட்டுறாங்க!"

மருதமுனை வீட்டுக்கு அவர்கள் மறுநாள்தான் போனார்கள். நஸ்ரினிடமும் இரத்தம் எடுத்தார்கள். கர்ப்பிணிக்கு மலேரியா வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று உத்தியோகத்தர் சொன்னபோது நான் அந்தக் கட்டிலிலேயே கூனிக்குறுகிப் போனேன். ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

நான் யோகன் கதையை இடையில் விட்டுவிட்டேன். பகல் பார்வை நேரத்தில் மொசாம்பிக் என்று கேட்டுவிட்டுப் போன நஸ்ரின் அன்று பின்னேரம் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். அந்த வயிற்றோடு, புதுக் கஞ்சியோடு. முகத்தைப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை கதைக்கவில்லை. கோப்பையைக் கையில் தந்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கஞ்சியில் உப்பு அளவாயிருந்தது. கோபத்திலும் உப்பை மறக்காத மனிசி.

"வசந்திட நம்பர் உன்னட்ட இரிக்கா?" என்றேன்.

ஜன்னலிடம் சொன்னாள். "என்னத்துக்கு?"

"யோகனுக்கும் காய்ச்சல் வந்திரிக்குமோ எண்டு..."

"வந்திரிக்கி. டெங்கு. ஆசுபத்திரில போட்டு மூணு நாள். நேத்து வசந்தி சொன்னவ. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில டெங்கு பாருங்களன் எண்டு கதைச்சம்."

கோப்பை என் கையிலிருந்து விழுந்தது. கஞ்சி போர்வையெல்லாம். "நேத்தா? இத ஏன் என்னட்டச் சொல்லல்ல?"

"உங்களுக்கு நோவெண்டு சொல்லல்ல. பயப்பிடுவீங்க எண்டு மறைச்சன்." அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். "நீங்க மறைச்ச மாதிரி."

அவள் அதைக் குத்திக்காட்டச் சொன்னாளா, உள்ளதைச் சொன்னாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. போனை எடுத்து வசந்தியை அழைத்து, சத்தத்தை எனக்குக் கேட்கக் கூட்டிவைத்தாள். வசந்தி அழுதுகொண்டிருந்தாள்.

"அக்கா, இவருக்கு ஆக்கள மட்டுக்கட்டத் தெரியல்ல அக்கா. என்னென்னமோ பெனாத்துறார். கூப்பிட்டாலும் திரும்பிறாரில்ல."

"வசந்தி, அது டெங்கு இல்ல" என்று நஸ்ரின் கத்தினாள். வார்டே திரும்பிப் பார்த்தது. "மலேரியா! டொக்டரக் கூப்பிடு! ஆப்பிரிக்கா எண்டு சொல்லு! இப்பவே சொல்லு!"

"அவர் கட்டார்லதானே அக்கா இருந்தவர்?"

நஸ்ரின் போனை என் வாய்க்கு முன்னால் நீட்டினாள். எட்டு மாதத்தில் முதல் தரம் வசந்தியிடம் உண்மை சொன்னேன். மறுமுனையில் அவள் ஓடுகிற சத்தம், "டொக்டர், டொக்டர்" என்று கூப்பிடுகிற சத்தம். அதற்குள் நான் உத்தியோகத்தருக்கு எடுத்தேன். அவர் திருக்கோவிலில், யோகனின் அக்கா வீட்டு வாசலில் நின்றார். அவர் அந்த ஆஸ்பத்திரிக்கு எடுத்து, ஊசி மருந்தை எங்கள் வார்டிலிருந்தே அனுப்பவைத்தார். அன்றைக்கு ஒரு மனிதர் செய்யக்கூடியது எல்லாவற்றையும் அவர் செய்தார். பொழுதுபடமுதல் யோகனை அம்பியூலன்ஸில் மட்டக்களப்புக்குக் கொண்டுபோய்த் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். கிருமி மூளைக்கு ஏறிவிட்டது, இனிச் சொல்லமுடியாது என்றார்களாம்.

எனக்கு நாளுக்கு நாள் சுகமானது. காலையும் மாலையும் தகட்டில் கிருமியை எண்ணுவார்கள், எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. நாலாம் நாள் ஒன்றும் இல்லை. பக்கத்துக் கட்டில் மீன் வியாபாரி எனக்கு வாழ்த்துச் சொன்னார். எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது. நான் சுகமாகச் சுகமாக, மட்டக்களப்பில் யோகன் கண் திறக்கவில்லை. நஸ்ரின் மணித்தியாலத்துக்கு ஒரு தரம் வசந்திக்குப் போன் எடுத்தாள். எனக்கு ஒரே சொல்லில் சேதி சொல்வாள். "இல்ல." கொஞ்ச நேரம் போய், "இன்னும் இல்ல." நான் தொழுகையில் கேட்ட துஆ முழுக்க அவனுக்குத்தான். யா அல்லாஹ், சத்தியம் வாங்கினவன் நான், சத்தியத்தைக் காத்தவனைப் பிடிக்காதே.

ஐந்தாம் நாள் பகல், "ஓம்" என்றாள். "கண் தொறந்திரிக்காராம்." சொல்லிவிட்டுக் கட்டிலோரத்தில் இருந்து அழுதாள். நானும் அழுதேன். பதினைந்து பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள், நின்றுகொள்ளட்டும்.

என்னை வீட்டுக்கு விட்டார்கள். கிழமைக்கு ஒரு தரம் வந்து இரத்தம் காட்டவேண்டும் என்ற கட்டளையோடுதான். அடுத்த நாளே மட்டக்களப்புக்குப் போனேன். நஸ்ரினை வரவேண்டாம் என்றேன், இந்த நிலைமையில் என்ன பயணம் என்று. "இனி நீங்க போற எடமெல்லாம் நான் வருவன்" என்றாள். அதற்கு மேல் என்ன கதைக்கிறது. ஆட்டோவின் பின் சீட்டில் தலையணை வைத்துக் கூட்டிப்போனேன். உத்தியோகத்தரும் ஃபைலோடு வந்திருந்தார், யோகனின் வாயால் விபரம் எழுத.

வசந்தி வார்டு வாசலில் நின்றாள். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்து, அதற்குத் தலையைக் குனிந்துகொண்டு போனேன். அவள் திட்டவில்லை. களைத்த குரலில் சொன்னாள்.

"நானா, முதல் ஆசுபத்திரியில டொக்டர் ரெண்டு தரம் கேட்டவர். மலேரியா உள்ள நாட்டுக்குப் போனயா எண்டு. அப்ப இவருக்கு நல்ல நினைவு. இல்ல, கட்டார் மட்டும்தான் எண்டு சொன்னவர். நான் பக்கத்திலதான் நிண்டன்."

குனிந்த தலை நிமிராமல் உள்ளே போனேன்.

யோகன் பாதியாய் இருந்தான். கண் குழி விழுந்து, தாடி வளர்ந்து, மூக்கில் குழாய். நான் கட்டிலோரம் போய்க் கையைப் பிடித்தேன். என்னைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தான். நஸ்ரின் எனக்குப் பின்னால், வசந்தியோடு கால்மாட்டில் நின்றாள். உத்தியோகத்தர் ஃபைலைத் திறந்து, பேனையை எடுத்து, மெதுவாய்க் கேட்டார்.

"தம்பி, எந்த நாட்டுல இரிந்து வந்தீங்க?"

யோகன் உதட்டை நனைத்துக்கொண்டான். குரல் வரவில்லை. மறுபடியும் முயன்றான்.

"கட்டார், சேர்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். பயப்படாதே மச்சான் என்கிற பார்வை. உத்தியோகத்தரின் பேனை தாளுக்கு மேல் நின்றது. நஸ்ரின்தான் முன்னால் வந்து கட்டிலில் கை வைத்தாள்.

"எனக்கெல்லாம் தெரியும் தம்பி" என்றாள். "இனிச் சொல்லுங்க."

அவன் அவளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டும் வரைக்கும் அவன் வாயைத் திறக்கவில்லை.